சங்கின் நுனி

புது வீட்டுக்காரருக்கு,

உங்கள் பெருங்குடி வீட்டுச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். சங்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அது ஊதுகிற சங்கு இல்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்திலிருந்து, மயிலாப்பூர் வீட்டு ஷோகேஸில் ஒரு முள் உடையாமல் அம்மா காப்பாற்றி வைத்திருந்த பெரிய கடல் நத்தையின் ஓடு. நத்தை பிறந்தது அந்த நுனியில்தான், மிச்சமெல்லாம் அது பிறகு கட்டிக்கொண்ட வீடு என்று கல்யாணமான புதிதில் உங்களுக்கும் சொன்னாளே!

அந்த நுனியைத்தான் கிரானைட் போட வந்தவரின் மெஷினால் வெட்டியிருக்கிறீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஊத வேண்டுமாம். நான் அடையாறு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறேன், நீங்கள் போனில் ஊதிக் காட்டுகிறீர்கள்.

ஒரு மாதம் பொறுங்கள் என்றதற்கு, "அத்தைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா தேதி தள்ளிப்போயிடும்" என்றவர்தானே? உயிரோடு இருப்பவளுக்குச் சங்கு ஊதிவிட்டீர்கள்.

நேற்று அம்மா அதைக் கேட்டாள். வெட்டிய இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நீட்டினேன். வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள்.

"நுனி எங்கடி?" என்றாள்.

குப்பையோடு போய்விட்டது என்றீர்கள். அந்தக் குப்பைமேடு உங்கள் புது பால்கனியிலிருந்தே தெரிகிறது. போய்த் தேடுங்கள். கிடைக்கிறவரை இந்தப் பக்கம் வராதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் அம்மா இருக்கிறவள்