எட்டு இல்லாத பட்டியல்

15-6-98, திங்கள்

காலையிலிருந்து சாரல். பாலக்காட்டுக் காற்று. சட்டை காயவில்லை, ஈரத்தோடு ஆபீஸ்.

ஐந்து மாதம் உட்கார்ந்து நான் எழுதிய டிரைவர் புரோகிராம். மில்லில் ஒவ்வொரு ஸ்பின்னிங் பிரேமிலும் நூல் எத்தனை முறை அறுகிறது என்று லினக்ஸ் கர்னலுக்குள் இருந்து எண்ணிச் சொல்வது. இன்று திறந்தால் முதல் வரியில் ‘எழுதியவர்: சண்முகசுந்தரம்’. எங்கள் சீனியர். இந்த நோட்டில் இனி ச.சு. முழுப் பெயருக்கு மை வீண்.

நேராகக் கேட்டேன்.

“டீம்னா யாரோ ஒருத்தரு பேருதானப்பா போட முடியும்.”

“அப்ப என் பேரப் போடுங்க சார்.”

சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை: டிரைவரின் கான்பிக் ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது. எந்தப் பிரேமின் வயர் கம்ப்யூட்டர் கார்டின் எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது, எத்தனை நொடிக்கு ஒருமுறை படிப்பது எல்லாம் அதில்தான். டைப் செய்தது ச.சு. போன வாரத்திலிருந்து மில்லில் சோதனையாக ஓடுகிறது; கணக்கு ஃப்ளாப்பியில் இங்கே வரும், அச்செடுப்பது இங்கேதான். சனிக்கிழமை மில்லிலேயே, முதலாளியும் மகனும் பார்க்க டெமோ. ஃபைல்களை அச்செடுத்து பைண்டு செய்து தர வேண்டுமாம்.

“எடவெளிய மட்டும் நேராக்கு. ஒரு எழுத்து மாறக் கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. நன்றாகவே.

16-6, செவ்வாய்

வெயில். சட்டை காய்ந்தது.

பதினோரு ஃபைல். கண்டவை:
- டேப் பாதி, ஸ்பேஸ் பாதி. ஒரே வரியில் இரண்டும்.
- வரிக் கடைசியில் காரணமில்லாமல் ஏழெட்டு ஸ்பேஸ்.
- ஒரே பெயர் ஓரிடத்தில் பெரிய எழுத்து, ஓரிடத்தில் சின்ன எழுத்து. தொடக் கூடாது, உத்தரவு.
- நடுவில் பன்னிரண்டு காலி வரிகள். தூங்கிவிட்டார் போல.

இந்த ஆள் பெயரில் என் டிரைவர்.

சால்டரிங் டேபிளிலிருந்து கலாவதி எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, பி.ஈ. படிச்சுபோட்டு கம்ப்யூட்டருக்குச் சடை பின்னிட்டு இருக்கறீங்க?”

“பூவும் வைக்கச் சொல்வாரு, பாருங்க.”

“வெச்சா எனக்குங் கொஞ்சம் குடுங்க.”

சாயங்காலத்துக்குள் பிரேம் பட்டியலை முடித்தேன். இடப்பக்கம் பிரேம் எண், வலப்பக்கம் போர்ட் எண். இரண்டும் நேராக நின்ற பிறகுதான் கண்ணில் பட்டது. ஏழுக்கு எதிரே ஏழு. அடுத்தது ஒன்பதுக்கு ஒன்பது. இருபத்தைந்து வரை அப்படியே போகிறது. இரண்டு பக்கமும் எட்டு கிடையாது. ஏன்?

17-6, புதன்

மில்லில் ஒரு கேபிள் மாற்ற வேண்டும். பிரேம்கள் ஓடும் இடத்துக்கு ச.சு. போனதே இல்லை, பஞ்சு மூக்கில் ஏறுமாம். சரவணம்பட்டி தாண்டி இறங்கி நடந்தேன்.

பிரேம்களில் மஞ்சள் பெயிண்டில் எண்கள். 6, 7, 9. பதினாலாம் பிரேமைப் பார்த்துக்கொள்ளும் சைடர் பாப்பாத்தி அக்கா. அறுந்த இழையை ஒட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். பதினோரு வருட சர்வீஸ். கேட்டேன்.

“எட்டுங்களா? மொதலாளி ஊட்டுல எட்டே ஆகாதுங்க கண்ணு. காரு நம்பருலகூட வெக்க மாட்டாங்க. எட்டாந்தேதி பொறந்தவருன்னு ஒரு நல்ல மாப்பிள்ளையவே வேண்டாம்னுபோட்டாங்களாம்.”

ஆக பிரேம்கள் மொத்தம் இருபத்துநாலுதான். வயர் வந்து சேரும் பெட்டியைத் திறந்தேன். எலக்ட்ரீஷியனுக்கு எட்டோடு சண்டை இல்லை. போர்ட்டுகளை வரிசையாக நிரப்பியிருக்கிறார். எட்டாம் போர்ட்டில் ஒன்பதாம் பிரேம், ஒன்பதில் பத்தாம் பிரேம். கடைசியில் இருபத்துநாலில் இருபத்தைந்து.

ச.சு. போர்ட்டிலும் எட்டைத் தாண்டிவிட்டார். எனவே ஒன்பதாம் பிரேம் கணக்கிலேயே வராது. அதன் பிறகு எல்லாமே பக்கத்து பிரேமின் எண்ணிக்கை. இருபத்தைந்து எப்போதும் பூஜ்யம், அந்தப் போர்ட்டில் வயரே இல்லை.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறிடம் போனார்.

சொல்ல மாட்டேன். இடைவெளி மட்டும்தானே.

18-6, வியாழன்

மேகமூட்டம். செருப்பு அறுந்தது.

சனிக்கிழமைத் திட்டம்:
1. ச.சு. பேசி முடிக்கட்டும். கைதட்டட்டும்.
2. நான் இருபத்தைந்தாம் பிரேமுக்குப் போய் விரலாலேயே பத்து இழை அறுப்பது.
3. திரையைக் காட்டுவது. பூஜ்யம்.
4. ஒன்றும் பேசக் கூடாது. பார்த்துக்கொண்டே நிற்பது.

நாலாவதுதான் கஷ்டம். குளிக்கும்போது பழகிப் பார்த்தேன்.

ச.சு. இன்று என் தோளில் கை போட்டார். “வரி வரியா அழகா இருக்குதப்பா. இதுதான் உனக்கு ஏத்த வேலை.” சரிங்க சார் என்றேன். இவ்வளவு இனிமையாக நான் யாரிடமும் பேசியதில்லை.

19-6, வெள்ளி

பதினோரு மணிக்கு போன். மில் மேஸ்திரி. ச.சு. இல்லை, நான் எடுத்தேன்.

“ஏனுங்க, பதினாலாம் நெம்பரு ரிப்போர்ட்ட ஒரு பிரிண்ட்டு எடுத்து வைங்க, ஆள் அனுப்பறனுங்க. சாயங்காலம் விசாரணை இருக்குது. பாப்பாத்தி சைடுல இழை அறுந்துட்டேதான் கெடக்குதுங்க. ஒரு வாரமா மிசின் கணக்கு வருதுல்ல, அதுல தெரிஞ்சுபோச்சு. வேலையே பாக்கறதில்லீங்க அந்தம்மா.”

ரிப்போர்ட்டில் பதினாலு என்றால் நிஜத்தில் பதினைந்து. அது பழைய பிரேம், அறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

ரிசீவர் கையில். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் மேஸ்திரி உடனே ச.சு.விடம் சொல்வார். மாலைக்குள் திருத்திவிட்டு நாளை சுத்தமாக நிற்பார் மனிதர். என் பெயர் போனது போனதுதான்.

“சரிங்க, எடுத்து வெக்கறேன்.”

நானே அச்செடுத்தேன். ஐந்து தாள். ஓரத்துளைகளைக் கிழித்து, கவரில் போட்டு, வந்த ஆளிடம் கொடுத்தேன். நாளை பத்து மணிக்கு எல்லாம் தெரிந்துவிடும், விசாரணையும் செல்லாது. ஒரு நாள் தாமதம். அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, வேறு காரணம் இல்லை.

20-6, சனி

நடந்தது. நினைத்ததைவிட நன்றாக.

ச.சு. புதுச் சட்டை. முதலாளி, மகன், மேஸ்திரி, எங்கள் ஓனர். “இருபத்தஞ்சாம் பிரேமப் பாருங்க சார், ஒரு வாரமா ஒரு இழைகூட அறுகல” என்று அவரே எடுத்துக்கொடுத்தார். போனேன், பத்து இழையை அறுத்தேன். இருபத்தைந்து அசையவில்லை. இருபத்துநாலு ஏறியது.

ச.சு. என்னைக் கை காட்டினார். “தம்பிதானுங்க ஃபைல நேராக்குனாப்ல. அப்ப மாத்திப்போட்டுட்டான்.”

இதற்காகவே பழைய ஃபைல்களை ஃப்ளாப்பியில் வைத்திருந்தேன். இடைவெளியை ஒதுக்கிவிட்டு, பழையதையும் புதியதையும் ஒப்பிடும் கட்டளையைக் கொடுத்தேன். வித்தியாசம் இருந்தால் திரையில் வரும். ஒன்றும் வரவில்லை. ஒரு எழுத்து மாறவில்லை. எட்டாம் போர்ட் விஷயத்தை முதலாளி மகனிடம் நான்கு வரியில் சொன்னேன். டிரைவர் யார் எழுதியது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

ச.சு. முகம். இந்தப் பக்கத்தை எப்போது திறந்தாலும் நினைவுக்கு வர வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்: கீழ் உதடு மட்டும் ஆடியது.

கிளம்பும்போது மேஸ்திரியிடம், “அப்ப பாப்பாத்தி அக்கா விசாரணை?”

“நேத்தே முடிஞ்சுபோச்சுங்களே. நீக்குனா வேற மில்லுல சேத்த மாட்டாங்க, நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துரு ஆத்தான்னு சொன்னனுங்க. கைநாட்டு வெச்சுபோட்டுப் போயிருச்சு.”

“திரும்பக் கூப்பிடுங்க.”

“எழுதிக் குடுத்த பொறகு எப்பிடீங்க?”

22-6, திங்கள்

மழை. டிரைவரின் முதல் வரியில் என் பெயர். ச.சு. லீவு. கலாவதி கை கொடுத்தாள், முறுக்கும் கொடுத்தாள்.

போர்ட் எண்களைத் திருத்தி, பதினாலாம் பிரேமின் சரியான கணக்கை எடுத்தேன். இருக்கும் இருபத்துநாலு பிரேமில் மிகக் குறைவாக அறுவது அதுதான். தாளை மடித்து, பாப்பாத்தி அக்கா வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்துப் போனேன். மில்லுக்குப் பின்னால், லைன் வீடு.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத வெச்சு நான் என்ன பண்றதுங்க கண்ணு. பெரியநாய்க்கன்பாளையத்துல ஒரு மில்லுல வரச் சொல்லீட்டாங்க. மறுக்கா மொதல்ல இருந்து, டெம்ப்ரவரியா. செரி, தப்பு எம்மேல இல்லீன்னு ஊட்டுக்காரரு தெரிஞ்சுக்குவாரு. அது போதும்.”

டீ வைத்தார். குடித்தேன்.

“இது தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?”

சனிக்கிழமை என்றேன்.

“அப்பச் செரிங்க” என்று காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.