கெவினுக்குப் பதில் யார்

மார்ச் 10, செவ்வாய்

காலையில் மழை, பிறகு வெயில், மறுபடி மழை. துணி காயவில்லை.

வாங்க: ஹாக்கி ஷூ (இடது அடி பிளந்துவிட்டது), துவரம்பருப்பு. மகளுக்குப் பல் டாக்டர்.

மதியம் ஆபீசில் இருக்கும்போது சிவா அண்ணன் போன். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் எங்கள் தமிழ் ஹாக்கி அணியின் கேப்டன். சீசனுக்கு முன் அணிகளுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது வழக்கம். இன்னொரு அணியின் கேப்டன் வாசுகி; அவள் அணியில் கோல் போடுகிற கெவின் எங்களுக்கு வருகிறானாம். பதிலுக்கு எங்களிடம் நடுவில் ஆடும் பிரகாஷ் அங்கே போகிறானாம்.

"கூட நீயும் போறே மாலா. அவங்க கேட்டாங்க, சரின்னுட்டேன்."

கூட. காய் வாங்கினால் கறிவேப்பிலை போடுவார்களே, அந்தக் கொசுறு.

ஏன் என்று கேட்டேன். "நீ டிஃபென்ஸ்தானே லா. யாரு வேணும்னாலும் நிக்கலாம்."

வலித்தது. பருப்பு வாங்க மறந்தேன்.

மார்ச் 12, வியாழன்

காற்று. வேலை ஓடவில்லை. கோபம் குறையவில்லை.

கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். தடுத்தவளை யாரும் தூக்கியதில்லை. பெனால்டி கார்னரில் எதிரணி ஓங்கி அடிக்கும்போது, கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தை நோக்கி நேராக ஓட வேண்டும். எங்கள் அணியில் நான்தான். வேறு யாரும் கை தூக்கியதில்லை. முழங்கால் இரண்டிலும் தழும்பு.

மகளிடம் சொன்னேன். போனிலிருந்து தலை நிமிரவில்லை. "ஜஸ்ட் ஸே நோ, அம்மா."

சொல்லலாம்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், எல்லார் முன்னிலும், போகிறவர் வாயால் 'சரி' என்றால்தான் மாற்றம் செல்லும். இதுவரை யாரும் மறுத்ததில்லை. நான் மறுப்பேன்.

மார்ச் 13, வெள்ளி

மரியாதைக்கு வாசுகியிடம் முன்கூட்டியே சொல்லிவிட போன் செய்தேன். யாழ்ப்பாணத்துக்காரி. ஆடுகளத்தில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

"எனக்குத் தேவை நீர்தான் மாலா. நேர கேட்டா சிவா சும்மா தருவாரோ? அதுதான் பிரகாஷைக் கேட்டுப்போட்டு, உம்மைக் கூடக் கேட்ட மாதிரிக் கேட்டனான்."

"அப்போ பிரகாஷ்?"

"நல்ல பிள்ளை. ஆனா எங்களிட்ட நடுவுக்கு ஆள் இருக்கு."

சந்தோஷப்பட வேண்டியது. முடியவில்லை. ஒருவர் தெரியாமல் என் மதிப்பைக் குறைத்தார், இவள் தெரிந்தே குறைத்தாள்.

"கெவினுக்கு நான் மட்டும்னு எல்லார் முன்னாலயும் கேளுங்க. இல்லேன்னா வரலை."

"சிவா முழிச்சிடுவார், உம்மை விடமாட்டார்."

"முழிக்கட்டும்."

"ஓம். கேக்கிறன்."

மார்ச் 15, ஞாயிறு

நல்ல வெயில். எங்கள் பேட்டை பிளாட் புஷ்ஷில், அங்குள்ள ஹாலில் கூட்டம். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப், டீ. டீயில் சர்க்கரை அதிகம்.

வாசுகி எழுந்தாள். "பிரகாஷ் உங்களோடயே இருக்கட்டும். கெவினைத் தாறன். மாலா மட்டும் வந்தாக் காணும், வேற ஆரும் வேண்டாம்."

எங்கள் ஆட்களுக்கு வாயெல்லாம் பல். கெவினும் கிடைக்கிறான், பிரகாஷும் போகவில்லை. "சான்சை விடாதீங்க அண்ணே" என்று யாரோ. சிவா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வாசுகியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல வழியில்லை. என்னிடம் வந்து குனிந்து மெதுவாக:

"போகலைன்னு சொல்லிடு மாலா. உன்னை விட முடியாதும்மா. இரு."

இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்டது. செவ்வாய்க்கிழமை போனில் சொல்லியிருந்தால் கால் ஓயும்வரை அவருக்காகவே ஓடியிருப்பேன். எல்லார் முன்னாலும் கேட்ட வாசுகி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"சரி, போறேன்" என்றேன். ஹாலில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

காரில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். புதன்கிழமை வாசுகி அணியுடன் பயிற்சி.