இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு மூச்சு சீராக இருக்கிறது, எனக்கு வலது தோள்பட்டையில் மட்டும் கொஞ்சம் வலி, மற்றபடி இருவரும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அதேபோல இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். கவரைக் கையில் வாங்கியதும் உள்ளே ஏதோ கனமாக இருக்கிறதே என்று பார்த்திருப்பாய். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் கடிதத்தைப் படி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ எட்டுத் தடவை சரிப்பா சரிப்பா என்று சொல்லிவிடுகிறாய். காகிதம் பொறுமையாகக் கேட்கும், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

மூன்று மாதம் முன்னால் இங்கே பதினொரு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனது உனக்குத் தெரியும், ஆனால் முழுவதும் தெரியாது. மூச்சு மெஷின் நின்றதும் அம்மாவை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினேன். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பது ஒன்றுதான் எனக்கு வேலை. மின்சாரம் திரும்பி வந்தபோது முள் சிவப்புக் கோட்டில் படுத்துவிட்டிருந்தது. உன்னிடம் சமாளித்துவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை, முழு விடையும் இல்லை, தேர்வுத்தாளாக இருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். நீ எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாய். வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்க, இல்லன்னா ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் பாருங்க, அதுவரைக்கும் இதை வச்சு ஓட்டுங்க என்று சொல்லி அந்த ஜெனரேட்டரைக் கப்பலில் அனுப்பினாய். அதைப் பிரித்து வைத்த அன்று நம் எலெக்ட்ரீஷியன் வந்தான். உனக்கு அவனை நினைவிருக்கும், எப்போது கூப்பிட்டாலும் அரைமணியில வர்றேன் என்பான், அதனால் தெருவே அவனை அரைமணி என்றுதான் கூப்பிடுகிறது. அன்று அதிசயமாக அரைமணியில் வந்தான், தோளில் ஒரு ஒயர்ச் சுருளோடு. அந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகு, மறுமுனையை வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் செருகு, வீடு முழுக்க வெளிச்சம், அவ்வளவுதான் சார் வேலை என்றான். நான் வேண்டாம் என்றேன். பாதி ஊர் இப்படித்தான் சார் ஓடுது என்றான். அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் வந்தாய். நீ என்ன சொன்னாய் என்பதை நான் மறக்கவில்லை. நானும் இங்க அப்படித்தான்பா போடுறேன், துணி காயவைக்கிற மெஷினோட பாயின்ட்டுல செருகிடுவேன், ஒண்ணும் ஆகல, நீங்க பாடம் நடத்துறத நிறுத்துங்க, அம்மா மூச்சு விடணும் என்றாய். அரைமணி என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். எனக்குக் கோபம் வரவில்லை கண்ணு. அம்மாவின் மூச்சைப் பற்றித்தானே சொன்னாய், அதில் கோபப்பட என்ன இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தை இப்போது நடத்தியே தீரப் போகிறேன், உட்கார்ந்து கேள்.

அந்த ஒயரில் இரண்டு தப்பு. ஜெனரேட்டரில் செருகிவிட்டு மறுமுனையைக் கையில் வைத்திருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பித்தளைக் கம்பிகளில் மின்சாரம் இருக்கிறது. தொட்டவர் கதை அங்கேயே முடிந்தது, உன் வீட்டில் எட்டு வயது வாண்டு ஒன்று ஓடியாடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொள். இரண்டாவது தப்பு உன் கண்ணுக்குத் தெரியாது. சுவரில் செருகிய மின்சாரம் வீட்டோடு நிற்காது, மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிரக்கணக்கான வோல்டைக் குறைத்து நமக்குத் தருகிறது இல்லையா, அதே பெட்டிக்குள் பின்பக்கமாக நுழைந்தால் அது குறைத்த மாதிரியே கூட்டவும் செய்யும். நம் வீட்டு இருநூற்று முப்பது கம்பத்தின் மேலே பல ஆயிரம் ஆகிவிடும். உங்கள் ஊரில் விளக்குக்கு நூற்றுப்பத்து, துணி காயவைக்கும் மெஷினுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு, எந்த அளவாக இருந்தாலும் கணக்கு இதேதான். மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பி ஒருவர் மேலே ஏறியிருப்பார். ஒன்றும் ஆகவில்லை என்றாயே, உனக்கு ஆகவில்லை. பெயிலான பையன் வீட்டுக்குப் போய், நான் பாஸ், அதனால் எல்லாரும் பாஸ் என்று சொல்வது போல.

அதனால் நான் அரைமணியிடம் தெளிவாகச் சொன்னேன், சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல் இந்த மெஷினை ஸ்டார்ட் செய்ய மாட்டேன் என்று. நம் பள்ளிக்கூடத்து ஏற்ற இறக்கப் பலகை உனக்கு நினைவிருக்கும், ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே இருந்தே ஆக வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் மேலே நிற்க முடியாது. இந்த சுவிட்சும் அப்படித்தான். கைப்பிடி மேலே இருந்தால் வீட்டுக்குத் தெரு மின்சாரம், கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று நீ தலைகீழாக நின்றாலும் அது விடாது. சுவிட்ச் கடையில் இல்லை, வரவழைக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வானம் இருட்டும்போதெல்லாம் சிலிண்டர் முள்ளைப் போய்ப் பார்த்தேன். அம்மாகூட மூன்றாம் நாள், பொண்ணு சொன்னபடி ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன், என் மூச்சை வச்சு ஏன் பரீட்சை நடத்துறீங்க என்று கேட்டாள். இரண்டு சிலிண்டர் நிரப்பி வாங்கி வந்து அவள் கட்டில் பக்கத்தில் நிறுத்தினேன், அதுதான் என் பதில்.

காத்திருந்த நாளில் மற்ற வேலைகளை முடித்தேன். நீ அனுப்பிய ஜெனரேட்டரில் ஒரு திருகு இருக்கிறது, ஒரு பக்கம் திருப்பினால் நூற்றுப்பத்து, மறுபக்கம் இருநூற்று முப்பது. அம்மாவின் மூச்சு மெஷினும் உன் ஊர்க்காரி, நூற்றுப்பத்துதான் கேட்பாள். ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் நம் ஊர். திருகைத் திருப்பித் திருப்பி ஓட்டலாம் என்று அரைமணிக்கு ஆசை. மூன்றாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியவன் நான், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சின்னவன் கையில் பெரியவன் கணக்கு போய்விடும். அவசரத்தில் திருகு மாறினால் மெஷின் கருகும், அம்மா என்ன ஆவாள். அதனால் திருகை இருநூற்று முப்பதில் நிறுத்தி மேலே டேப் ஒட்டிவிட்டேன், நூற்றுப்பத்துப் பிளக் துளைகளையும் ஒட்டி மூடிவிட்டேன். மூச்சு மெஷின் தினமும் எந்த வோல்டேஜ் குறைக்கும் பெட்டியில் ஓடுகிறதோ அதே பெட்டியில்தான் மின்சாரம் போகும் நாளிலும் ஓடும். ஜெனரேட்டர் பின்சுவரை ஒட்டி, அம்மாவின் ஜன்னலிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிற்கிறது, அதன் புகை வாய் வெளிப்பக்கம் பார்க்கிறது. மூச்சுக்காக வாங்கிய மெஷின் மூச்சுக்கே எமனாகிவிடக் கூடாது.

இனி என் அசட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அம்மா சொல்லிவிடுவாள். எர்த் இல்லாமல் ஜெனரேட்டரைத் தொடக் கூடாது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் வீட்டுக்குள் வராமல் வெளியே போக ஒரு குழாய் வைக்கிறோமே, எர்த் அந்த மாதிரி. வழி தவறி மெஷினின் உடம்புக்கு வந்த மின்சாரம் நம் உடம்பைத் தேடாமல் மண்ணுக்குப் போக ஒரு பாதை. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் மூன்று கோடு போட்டு இதுதான் மண் என்று காட்டியிருக்கிறேன், தண்ணீர்க் குழாயோடு இணைத்தாலும் போதும் என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அதே தைரியத்தில் கொல்லைக் குழாயில் தடித்த செம்புக் கம்பியை நானே முறுக்கிக் கட்டி, அரைமணி வந்ததும் பெருமையாகக் காட்டினேன். அவன் எர்த் சோதிக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தான், பிறகு மண்வெட்டியால் ஒரு கை அளவு மண்ணைத் தள்ளினான். உள்ளே வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் குழாய். சார், உங்க எர்த் ஒரு முழத்தோட நின்னுடுச்சு என்றான். ஜன்னலிலிருந்து அம்மா, ரெண்டு வருஷம் முன்னாடி குழாய் மாத்துறப்ப பக்கத்துலயே குடை பிடிச்சுட்டு நின்னது யாருன்னு கேளு என்றாள். அரைமணி சிரித்த சிரிப்பில் அவன் ஒயரை நான் திட்டியதெல்லாம் கழிந்துவிட்டது.

அப்புறம் எட்டடி செம்பு ராடு வாங்கினோம். குளியலறைத் தண்ணீர் போய் எப்போதும் ஈரமாக இருக்கும் மூலையில் அடித்தோம். ஐந்தடி ஆழத்தில் கல் தட்டியது, பிடுங்கி இன்னும் இரண்டு முழம் தள்ளி மறுபடி அடித்தோம். அரைமணி பாதி, நான் பாதி, அதுதான் இந்தத் தோள்பட்டை வலி. அம்மா மூக்கில் குழாயோடு ஜன்னலில் உட்கார்ந்து அடிகளை எண்ணினாள். நாற்பதுக்கு மேல் எண்ண மூச்சு இல்லை என்று ஒவ்வொரு நாற்பதிலும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். பத்தாம் நாள் சுவிட்சும் மாட்டியாகிவிட்டது. மீட்டர் சரியான எண்ணைக் காட்டியது.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குக் காற்றில் மரக்கிளை முறிந்து தெருமுனைக் கம்பி அறுந்தது. சிலிண்டருக்கு மாற்றி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, கைப்பிடியைக் கீழே இறக்கி, மறுபடி மெஷினுக்கு மாற்ற எனக்கு நான்கு நிமிடம் ஆனது. சற்று நேரத்தில் லைன்மேன் நேராக நம் வாசலுக்கு வந்தார். யார் வீட்டு ஜெனரேட்டர் சத்தம் கேக்குது, ஒயர் எங்க போகுதுன்னு காட்டுங்க, அப்புறம்தான் ஏறுவேன் என்றார். வாங்க, பத்து நாளா இவர் இதையேதான் பேசுறார், கேக்க ஒரு ஆள் கிடைச்சீங்க என்று அம்மா வரவேற்றாள். அவர் என் பேச்சைக் கேட்கவே இல்லை. சுவிட்சைப் பார்த்தார், ராடு வரை கம்பியோடு நடந்து போய் அதைக் குனிந்து ஆட்டிப் பார்த்தார், வந்து ஒரு தேநீர் மட்டும் கேட்டார். அவர் வலது கையில் இரண்டு விரல் இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஒரு கடையில் ஐஸ்கிரீம் உருகிவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் செருகியிருந்தார்களாம். கம்பியை முதல்ல எர்த் பண்ணிட்டுத்தான் தொடணும், அன்னைக்கு அவசரம், என் தப்பும் இருக்குங்க, ஆனா ஐஸ்கிரீமும் உருகிடுச்சு என்றார். அரைமணி அப்போது நம் வராந்தாவில்தான் நின்றிருந்தான். லைன்மேன் கம்பத்தில் ஏறி, வேலையை முடித்து, பத்திரமாக இறங்கினார். நான்கு மணி நேரம் இருபது நிமிடம் மெஷின் ஓடியது, அதில் பாதி நேரம் அம்மா தூங்கினாள்.

மறுநாள் அரைமணி அந்த ஒயரைக் கொண்டுவந்து என் முன்னாலேயே நடுவில் வெட்டினான். இதுபோல இன்னும் மூணு வீட்டுக்குச் செஞ்சு குடுத்திருக்கேன் சார், போய் வாங்கிட்டு வர்றேன் என்று கிளம்பினான். அரைமணியில் என்று சொல்லவில்லை, இன்றைக்கே என்றான். வெட்டிய ஒயரின் ஒரு பிளக்தான் உன் கவரில் இருக்கும் கனம்.

நீ வீட்டைப் பற்றிப் பதில் கேட்டாய். நாங்கள் இங்கேதான் இருக்கப் போகிறோம். பிடிவாதத்தில் சொல்லவில்லை, செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அம்மாவுக்கு மேலும் முடியாமல் போனால் அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிடுவேன், முழு விடையும் சொல்வேன், பாதி சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பற்றி இன்னும் பேச வேண்டுமானால் ஒன்று செய்துவிட்டுப் பேசு. உன் கார் ஷெட்டில் தொங்கும் அந்த ஒயரை எடு, இரண்டு முனையும் எதிலும் செருகாமல் இருக்கிறதா என்று பார், நடுவில் வெட்டு. உரிமம் உள்ள ஒருவரை வைத்து சேஞ்ச்ஓவரும் எர்த்தும் போடு. வெட்டியதில் ஒரு பாதியை எனக்குத் தபாலில் அனுப்பு. உன் கம்பத்தில் ஏறுகிறவர் யார் என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அவரும் யாருக்கோ அப்பா.

நீ நீடூழி நன்றாக இரு, மாப்பிள்ளைக்கும் வாண்டுக்கும் எங்கள் ஆசிகள். குளிரில் காதை மூடிக்கொள். ஒயரை மறந்துவிடாதே.

என்றும் உன்
அப்பா

அம்மா எழுதுவது: அப்பா சொன்னதற்காக வெட்ட வேண்டாம், அவர் எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். அந்த மனிதர் மூன்று விரலால் டம்ளரைப் பிடித்து, சிந்தாமல் குடித்து, அம்மா, சர்க்கரை சரியா இருக்கு என்றார். அதற்காக வெட்டு.