எந்தக் கோட்டா?

ஜூலை 7, திங்கள்

செங்காங்கில் கேட்ட வாடகை வீடும் போச்சு. காலையில் ‘ஷாம்’ என்று மட்டும் எழுதியிருந்தேன்; சீனப் பெயர் என்று நினைத்து ஏஜென்ட் சிரிப்புப் பொம்மையெல்லாம் அனுப்பினார். முழுப் பெயர் கேட்டார். ஷமீமா என்றேன். பத்தே நிமிடத்தில், “சாரி, வேற ஆள் எடுத்துட்டாங்க.” விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

யாசர் அண்ணனுக்கு ஆகஸ்ட் கடைசியில் குழந்தை பிறக்கும். எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில் என் அறையை அவர்களுக்குத் தருவதாக நானே சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 9

இந்தியர் என்றால் மசாலா வாடை என்று ஓனர்கள் மறுப்பார்களே, அடுத்த ஏஜென்டுக்கு நானே முந்திக்கொண்டு எழுதினேன்: “மசாலா சமைக்க மாட்டோம்.” சிவானியிடம் காட்டினேன். உயர்நிலைப் பள்ளித் தோழி, இப்போது பாலர் பள்ளி ஆசிரியை. என்னோடு வீடு எடுக்கப்போகிறவள்.

“கேட்டாங்களாடி?”

“கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா...”

“நாம என்ன தப்புப் பண்ணோம்?”

வெட்கமாகப் போய்விட்டது.

ஜூலை 12, சனி

இதை முழுசா எழுதணும்.

தேக்கா உணவங்காடியில் நானும் சிவானியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் எழுதியிருந்த அந்த ஏஜென்ட் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். “இந்தியரா? அந்த ப்ளாக்ல இந்தியர் கோட்டா முடிஞ்சிருச்சு. கவர்மென்ட் ரூல்.”

அரசு அடுக்குமாடிகளில் இனத்துக்கு இத்தனை வீடு என்று கணக்கு உண்டுதான். ரூல் என்றால் என்ன செய்வது? சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சிவானி போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இனக் கோட்டா வீடு வாங்கறவங்களுக்குத்தானே? நாங்க வாடகைக்கு வர்றோம். வாடகைல வெளிநாட்டவருக்குத்தான் கோட்டா, நாங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர் குடிமக்கள். எங்களுக்கு எந்தக் கோட்டா?”

ஏஜென்ட் குரலைத் தாழ்த்தினார். “ஓனருக்குப் பிடிக்கல லா. நான் என்ன பண்றது?”

“சரி. அதையே மெசேஜ்ல எழுதி அனுப்புங்க.”

வைத்துவிட்டார்.

அவள் குரல் கடைசிவரை ஏறவே இல்லை. ஆனால் அவர் வைத்ததும், “தப்பா ஒண்ணும் சொல்லிடலையே?” என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா அப்படிக் கேட்டாள்?

“உனக்கு எப்படிடி தெரியும்?”

“போன வருஷம் என்கிட்டயும் இதையே சொன்னாங்க. நம்பிட்டு வந்துட்டேன். அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.”

ஜூலை 13

புகார் எழுதினோம். ஏஜென்டின் நிறுவனத்துக்கு ஒன்று, ஏஜென்டுகளைக் கண்காணிக்கும் மன்றத்துக்கு ஒன்று. ஓனரை நாம் கட்டாயப்படுத்த முடியாமல் போகலாம், ஆனால் பதிவுபெற்ற ஒரு ஏஜென்ட், இல்லாத விதியைச் சொல்லி விரட்டக் கூடாது என்றாள் சிவானி. ‘கேவலமாக நடத்தினார்’ என்று நான் எழுதியதை அடித்தாள். “தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை. அது போதும்.”

ஜூலை 15

இன்னொரு வீட்டுக்கு எழுதினேன். முழுப் பெயரோடு. சமையலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 17

பதில் இல்லை.

ஜூலை 30

நிறுவனம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறது. அந்த ஏஜென்டை எச்சரித்தார்களாம். அந்த வீடு மட்டும் வேறு யாருக்கோ போய்விட்டது.

“அப்போ நாம ஜெயிச்சோமா இல்லையா?” என்றேன்.

“அடுத்து கேக்கறவங்ககிட்ட அந்தப் பொய்யச் சொல்ல யோசிப்பாருல்ல,” என்றாள் சிவானி. சொல்லிவிட்டு அடுத்த விளம்பரத்தைத் திறந்தாள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இவளுக்கு எங்கிருந்து வருகிறது இந்த நிதானம்?

ஆகஸ்ட் 16, சனி

தோ பாயோ. கூடத்தையும் சேர்த்து நாலறை வீடு, ஒன்பதாம் மாடி. ஓனர் திருமதி லிம் கேட்டது இரண்டே கேள்வி: எங்கே வேலை, புகைப்பீர்களா. கையெழுத்துப் போட்டாச்சு!

செப்டம்பர் 20, சனி

மூன்றாவது அறைக்கு ஆள் பார்க்கும்படி திருமதி லிம் எங்களிடமே சொல்லியிருந்தார். மாலையில் ஒரு பெண் அழைத்தாள். பெயரைக்கூடச் சொல்லவில்லை. “நான் மியன்மார்க்காரி... உங்களுக்குப் பரவாயில்லையா?”

‘மசாலா சமைக்க மாட்டோம்’ என்று நான் எழுதியது நினைவுக்கு வந்தது.

“ஜன்னல் மட்டும் கொஞ்சம் சின்னது,” என்றேன். “நாளைக்கு மூணு மணிக்கு வந்து பாக்கறீங்களா?”