ஐந்நூற்று அறுபத்தேழு மாடிகள்

மார்ச் 9

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் நலம். பாப்பா நலம். ஆஸ்பத்திரியில் நான் ஓட்டும் லிஃப்டும் இந்த வாரம் நலம். போன திங்கட்கிழமை பேசினோமே, அந்த நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விட்டது. மீதி ஒரு நிமிடத்தில் சாப்பிட்டாயா என்று நீங்கள் கேட்டீர்கள், சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டேன். சொல்ல நினைத்த விஷயத்துக்கு நேரமே இல்லை. உங்கள் கம்பெனி அலுவலகத்தில் விசாரித்தேன். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கப்பலில் ஏறப்போகிறவரிடம் கடிதம் கொடுத்தனுப்பலாம் என்றார்கள். அவர் கையில்தான் இது வருகிறது.

விஷயம் இதுதான். இமயமலையில் இருக்கும் அந்தப் பூப்பள்ளத்தாக்குக்கு நம் இருவருக்கும் இடம் பதிவு செய்துவிட்டேன். ஜூலை இருபத்திரண்டாம் தேதி தொடங்கி ஆறு நாள். உங்கள் ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது. மூன்று வாரம் வீட்டில் ஆசைதீரத் தூங்கிவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

கேட்காமல் செய்துவிட்டாளே என்று முறைக்க வேண்டாம். ஆசை காட்டியது நீங்கள்தான். கல்யாணமான புதிதில் ஏதோ பத்திரிகையிலிருந்து அந்தப் படத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, "ஒரு தடவையாவது இங்க போயிடணும்" என்றீர்கள். அப்போது பாப்பா பிறக்கவில்லை. இப்போது அவள் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். இந்த இருபத்து நான்கு வருடத்தில் நீங்கள் கப்பலை விட்டு இறங்கியதெல்லாம் நவம்பர், ஜனவரி, ஒரே ஒரு முறை மார்ச். அந்தப் பள்ளத்தாக்கில் பூ நிறைந்திருப்பது ஜூலை, ஆகஸ்டில்தான். குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் கிடக்குமாம். இந்த வருடம்தான் உங்கள் விடுமுறையும் பூக்களும் ஒரே மாதத்தில் வருகின்றன.

பயணம் ஏற்பாடு செய்பவரை நேரில் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டார். வண்டி ஒரு கிராமம் வரைதான் போகும். அங்கிருந்து முதல் நாள் முழுக்க நடந்து ஏறினால் தங்கும் இடம் வரும். பள்ளத்தாக்குக்குள் கூடாரம் போட அனுமதி கிடையாது. காலையில் உள்ளே போய் மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். நாம் இரண்டு நாள் உள்ளே போகிறோம். ஒரு நாள் சும்மா இருந்து உடம்பை உயரத்துக்குப் பழக்க வேண்டும். தலைவலி வந்தால் வீராப்பாக மறைக்கக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். அது உங்களுக்கு. பல்வலியை ஒரு மாதம் மறைத்த ஆள் நீங்கள்.

உயரத்தை மீட்டரில் சொன்னால் எனக்கு மண்டையில் ஏறாது. மாடியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடிக்கு மூன்று மீட்டர் என்றால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு ஐந்நூற்று அறுபத்தேழு மாடி. அதில் நானூறு மாடி முதல் நாளே. எங்கள் ஆஸ்பத்திரி வெறும் ஒன்பது மாடி. இதைக் கேட்டு உங்கள் தங்கை, "இந்த வயசுல மலையா அண்ணி? ரெண்டு பேரும் காலை நீட்டி வீட்ல உக்காந்தா ஆகாதா?" என்றாள். பத்தொன்பது வருடமாக நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டுதான் மாடி ஏறுகிறேன், இனியாவது காலால் ஏறுகிறேனே என்றேன்.

அதற்கான பயிற்சியும் தொடங்கிவிட்டது. மதியம் ஷிஃப்ட் முடிந்ததும், பையில் ஆறு தண்ணீர் பாட்டிலை அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டு ஒன்பது மாடியும் ஏறுகிறேன். உச்சிக்குப் போனதும் லிஃப்டில் கீழே வந்து மறுபடி ஏறுகிறேன். தினம் மூன்று தடவை. பழக்கதோஷம், ஒவ்வொரு மாடியிலும் "நாலாவது மாடி, எக்ஸ்ரே", "அஞ்சாவது மாடி, பிரசவ வார்டு" என்று வாய் தானாகச் சொல்கிறது. நேற்று பின்னால் ஏறி வந்த ஒருவர் நன்றி சொல்லிவிட்டு அஞ்சாவது மாடியில் திரும்பினார்.

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். இன்ஜின் அறையிலிருந்து மேல்தளம் வரை ஏணிப்படி எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். வேலை முடிந்தபின் தினமும் ஏறி இறங்குங்கள். நீங்கள் கப்பலின் அடிவயிற்றில், நான் இரும்புப் பெட்டிக்குள். இரண்டு பேருக்கும் ஜன்னல் இல்லாத உத்தியோகம் வாய்த்திருக்கிறது. ஆறு நாளாவது வெட்டவெளியில் இருப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பாப்பா அம்மா


ஏப்ரல் 20

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

எல்லோரும் நலம், என் முழங்கால்கள் நீங்கலாக. பயப்பட வேண்டாம், என் முட்டாள்தனத்தால் வந்தது.

நூற்றுப் பன்னிரண்டு படி என்று எழுதியிருந்தீர்கள். சக ஃபிட்டர்கள் உங்களை "மலையேறி" என்று கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பாப்பா இரண்டு முறை வாசித்துச் சிரித்தாள். "அப்பா நிஜமாவே வர்றாரும்மா" என்றாள். வராமல் என்ன என்று நான் அதட்டினேன். ஆனால் எனக்கும் அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

முழங்கால் கதையைச் சொல்கிறேன். போன வாரம் பராமரிப்புக்காக லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். நான் வழக்கம்போல ஒன்பது மாடி ஏறினேன், மூச்சுகூட வாங்கவில்லை. இறங்க வேறு வழியில்லாமல் படியில் கால் வைத்தேன். ஆறாவது மாடி வந்ததும் தொடை நடுங்க ஆரம்பித்தது. மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வழியாக வந்த பிசியோதெரபிப் பெண் பதறிப்போய் என்ன ஏது என்று கேட்டாள். விவரம் தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரு மாசமா ஏறிட்டு மட்டும் இருக்கீங்களா? அந்த மலை உச்சியில உங்களுக்காக லிஃப்ட் வச்சிருக்காங்களா அக்கா?" என்றாள்.

வேறு யார் செய்வார்கள் இப்படி ஒரு தப்பை? என் தொழிலில் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுதான், பொத்தான் மட்டும்தான் வேறு. இறங்குவதற்கும் கால் வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. மலையில் பாதிப் பேருக்கு முழங்கால் போவது இறங்கும்போதுதான் என்று அவள் சொன்னாள். இப்போது தினமும் மதியம் என்னைச் சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்தபடி நிற்க வைக்கிறாள். முப்பது எண்ணுவதற்குள் கண்ணில் பூச்சி பறக்கிறது. இரண்டு மாடி ஏறி இரண்டு மாடி இறங்கு, பிறகு மூன்று என்று கூட்டிக்கொண்டே போகிறாள். உங்கள் ஏணிக்கும் இதே விதிதான். இறங்கும்போது கைப்பிடியில் சறுக்கி வரும் பழக்கத்தை விடுங்கள்.

சாமான்கள் பாதி வாங்கியாகிவிட்டது. தினமும் மழை பெய்யும் மாதம் என்பதால் மழைக்கோட்டு இரண்டு. உங்களுக்கு ஷூ வாங்க, பழைய செருப்பைக் காகிதத்தில் வைத்து வரைந்து எடுத்துப் போனேன். புது ஷூவோடு மலைக்குப் போனால் கொப்புளம் வருமாம், முன்கூட்டியே போட்டுப் பழக வேண்டுமாம். நீங்கள் இல்லாததால் பாப்பா மூன்று ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு அந்த ஷூவில் வீட்டுக்குள் தடதடவென்று நடக்கிறாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, சார் வந்துவிட்டாரா என்று கேட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். மழையில் பூவுக்குள் நடப்பது உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்குமா, இல்லை எனக்காகச் சரி என்கிறீர்களா? எதுவானாலும் வாருங்கள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அன்புடன்,
பாப்பா அம்மா


ஜூன் 1

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் செய்தி வந்தது. உங்களுக்குப் பதிலாக வர வேண்டிய ஃபிட்டர் வரவில்லை, செப்டம்பர் வரை இருக்க முடியுமா என்று கேப்டன் கேட்கிறார், மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அன்றே எழுதியிருந்தால் எழுதக் கூடாததையெல்லாம் எழுதியிருப்பேன்.

எனக்குக் கோபம். அதை மறைத்து எழுத எனக்கு வராது. போன ஒப்பந்தத்தை நீட்டியபோதும் அதற்கு முந்தையதை நீட்டியபோதும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னீர்கள். கேப்டன் மாறினார், வாக்கியம் மாறவில்லை. இப்போதும் நீங்கள் சரி என்று சொல்லிவிடவில்லை, என்னைக் கேட்கிறீர்கள். அது ஒன்றுதான் ஆறுதல்.

உங்கள் தங்கை, செப்டம்பரில் வந்து வீட்டிலேயே இருக்கட்டுமே, என்ன குறைந்துவிடும் என்கிறாள். நான் அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். போன தடவை வந்தபோது இரண்டாம் நாள், குளியலறை விளக்கின் சுவிட்ச் எங்கே என்று என்னிடம் கேட்டீர்கள். அதை இடம் மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தது. கேட்டுவிட்டு, விருந்தாளி மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள். நீங்கள் தூங்கினீர்கள், நான் டியூட்டிக்குப் போனேன், மாலையில் டிவி பார்த்தோம், நாற்பது நாள் முடிந்தது. நாம் சண்டைகூடப் போடவில்லை. மலையில் டிவி கிடையாது, டியூட்டி கிடையாது. ஆறு நாள் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக நடந்தால் பேசித்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் பதிவு செய்தேன். பூ இரண்டாம்பட்சம்.

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்கலாம். எழுதினால் பயந்துவிடுவீர்களோ என்று பூவை முன்னால் வைத்தேன்.

என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு என் பதில்: இறங்குங்கள். ஒரு கப்பலுக்கு ஃபிட்டர் கிடைப்பார். நீங்கள் இல்லாமல் அது ஒரு துறைமுகத்தில் இரண்டு நாள் நிற்க வேண்டி வந்தால் நிற்கட்டும். கேப்டனிடம் சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், எனக்கு வெட்கமில்லை.

நீங்கள் வராவிட்டாலும் நான் போகிறேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை, ஒன்பது மாடியும் கைப்பிடி பிடிக்காமல் இறங்குகிற கால் இப்போது எனக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் லீவும் கொடுத்துவிட்டார்கள். கூட வரட்டுமா என்று பாப்பா கேட்டாள். வேண்டாம், அது அப்பாவுடைய இடம், காலியாகப் போனாலும் அப்பாவுடையதாகவே போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஏற்பாட்டாளர் கடைசிப் படிவங்களைக் கொடுத்திருக்கிறார். ஒருவருக்கு ஒன்று. வயது, ரத்த வகை, நோய் எல்லாம் இரண்டிலும் எழுதிவிட்டேன். உங்கள் ரத்த வகையை மட்டும் பாப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அசம்பாவிதம் ஏதாவது நடந்தால் யாருக்குத் தகவல் தருவது என்று கீழே ஒரு கட்டம் இருக்கிறது. கூட மலைக்கு வராத நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டுமாம், கணவன் மனைவிக்குத்தான் முதலிடமாம். நீங்கள் வந்தால் இரண்டு படிவத்திலும் பாப்பாவின் பெயரை எழுதிவிடுவேன். வராவிட்டால் என் படிவத்தில் உங்கள் பெயரை எழுத வேண்டும். வருகிற பதினைந்தாம் தேதி வரை அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

பாப்பா பிறந்த ஆஸ்பத்திரியில், அவள் பள்ளிக்கூடத்தில், நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எல்லாப் படிவத்திலும் அந்த இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதினேன். ஒரு தடவைகூட அவர்கள் கூப்பிட்டு உங்களுக்குக் கேட்டதில்லை. நடுக்கடலில் எப்படிக் கேட்கும், அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒரு படிவத்திலாவது அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுத வைத்துவிடாதீர்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்,
பாப்பா அம்மா