எல்லாரிடமும் இரண்டு இரண்டு

ஹூசவிக்,
டிசம்பர் 29.

அன்புள்ள மகன் இங்வாருக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே நீயும் டயானும் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். உன் கடிதம் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்தின நாளே வந்தது, அடுப்பில் அந்த நாளுக்கென்று புளிக்கவைத்த திருக்கை மீன் வெந்துகொண்டிருந்தது, அந்த நாற்றத்தோடுதான் படித்தேன். கப்பல் பட்டறை வேலையை ஜனவரியோடு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது புத்தகம் எழுதப் போகிறேன், முதல் புத்தகத்துக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம், நம் ஊர்க் கடைக்காரரே மூன்று தடவை வரவழைத்து விற்றுவிட்டார், இதற்கு மேல் என்னம்மா வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கேட்டதால் சொல்கிறேன். தொலைபேசியில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

நட்சத்திரம் போட்டவர்கள் யார் என்று பக்கத்து வீட்டு ஹ்யால்மாரைக் கைபேசியில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒருவன் உன் மச்சினன். இன்னொருவன் உன்னோடு பட்டறையில் வேலை செய்கிறவன், நம் பாஷையில் காப்பி கேட்கக்கூடத் தெரியாதவன், புத்தகம் பத்திரமாக வந்தது, அட்டை மடங்கவில்லை என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறான். மூன்றாவது உன் அப்பாவின் தங்கை குத்லாய்க். மனதைத் தொட்டது என்று எழுதியிருக்கிறாள். என் கல்யாணத்துக்கு வந்த காப்பிக் கெண்டியை இரவல் வாங்கிப் போய் இன்றுவரை திருப்பித் தராதவள், அவள் மனதைத் தொடுவதெல்லாம் அடுத்த வீட்டுச் சாமான்தான். முதல் பத்துப் பக்கத்தை இலவசமாகப் படிக்கலாம் என்று வேறு போட்டிருக்கிறது. பெண் பார்க்க வருகிறவன் வாசலில் தலை சீவிக்கொண்டு நிற்கிற மாதிரி, அந்தப் பத்துப் பக்கத்தை நீ எத்தனை தடவை சீவியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா.

கடையில் அந்த வித்தை பலிக்காது. பிளாஸ்டிக் உறை போட்ட அடுக்குக்குப் பக்கத்தில் புரட்டிப் பார்க்க என்று உறையில்லாமல் ஒன்று வைத்திருப்பார்கள், நான் எதையும் நடுவில் பிரித்து நின்றபடி படிப்பேன், கால் வலி தெரிய ஆரம்பித்தால் வைத்துவிடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு. நவம்பரில் உன்னுடையதை எடுத்தேன். முதலில் பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தேன், நம் ஊர் கை மீனும் எண்ணெயும் பட்ட கை, தொட்ட இடம் கறுக்கும். பன்னிரண்டாம் பக்கம் வரை கறுப்பு, அப்புறம் கடைசி வரை சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளை. நான் பிரித்த இடத்தில் உன் அப்பாவின் அடக்கம். கடல் விம்மி அழுததாம், தாய் பெட்டியின் மேல் விழுந்து கதறினாளாம். நீ அன்றைக்கு வரவில்லை, இங்வார். விமானம் கிடைக்கவில்லை என்றாய், நான் மறக்கவில்லை. நான் கதறவில்லை, வந்தவர்களுக்குக் கோப்பை போதுமா என்று சமையலறையில் நின்றேன், குத்லாய்க் அன்றைக்காவது கெண்டியைக் கொண்டுவருவாளா என்று பார்த்தேன், கொண்டுவரவில்லை. கடல் எப்போதும் போல இறால் ஆலைக் கழிவோடு நாறிக்கொண்டு கிடந்தது. மூன்றாவது வரியிலேயே கால் வலித்தது.

பிறகு எப்படி விற்றது என்று கேட்பாய். பண்டிகைக்குப் புத்தகம் கொடுக்காத வீடு இங்கே உண்டா, உள்ளூர்ப் பையன் எழுதியது என்றால் பிரித்துப் பார்க்காமலே எடுப்பார்கள். உறை கிழியாமல், கடைக்காரர் ஒட்டிய மாற்றுச் சீட்டு பிய்யாமல் இருந்தால் பண்டிகை முடிந்து கடையில் கொடுத்து வேறு புத்தகம் மாற்றிக்கொள்ளலாம் என்பதை நீ அங்கே போய் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இருபத்தேழாம் தேதி இந்தக் கடிதத்துக்குக் காகிதம் வாங்கப் போனேன். கடையில் எய்க்லோ என்று தெற்கிலிருந்து வந்த புதுப் பெண், என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. உங்க மகன் புத்தகம்னா ஊருக்கே உசுரு போல பாட்டி, வர்றவங்க எல்லார்கிட்டயும் ரெண்டு ரெண்டு இருக்கு என்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் உன் புத்தகம் அவள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. பிடிக்காததைத் திருப்பும்போது ரெண்டு வந்துடுச்சு என்பது நம் ஊர் மரியாதை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஹ்யால்மார் நின்றான், கையில் உன் புத்தகம். எனக்கும் ரெண்டு வந்துடுச்சுக்கா என்றான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத கட்டை, ரெண்டு பேர் யாருடா குடுத்தாங்க என்று கேட்டேன். அத வுடுங்கக்கா, வெளிய வழுக்குது, பாத்துப் போங்க என்றான். அவனுக்கு முன்னால் உன் ஐந்து நட்சத்திர அத்தை, உன்னுடையதைக் கொடுத்துவிட்டு கேக் செய்கிற புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒண்ணு வீட்ல இருக்கே அண்ணி, ரெண்டெதுக்கு என்றாள். கெண்டியும் உன் வீட்ல ரெண்டு இருக்கே, அதுல ஒண்ண எனக்கு மாத்திக் குடு என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. போகும் முன் அந்த அடுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு உறையிலும் நகம் பட்ட கீறல்கூட இல்லை.

வேலையை விடாதே. டயான் ஒருத்தி சம்பளத்தில் நீ கடலை அழவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அழப் போவது அவள்தான். எஞ்சின் எப்படி இருமியது, எதைக் கழற்றினாய் என்று பட்டறையிலிருந்து எனக்கு எழுதுவாயே, அந்தக் கடிதங்களைத் தபால்காரன் போன வாசலிலேயே நின்று படித்திருக்கிறேன், கால் ஞாபகமே வந்ததில்லை. அதில் நீ பொய் சொல்ல மாட்டாய்.

பிள்ளைகளுக்குப் பின்னிய கையுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், சின்னவளுக்குக் கட்டைவிரல் சற்றுப் பெரிதாகிவிட்டது, போகப் போகச் சரியாகும். எல்லாரும் நோய்நொடியின்றி நூறு வயது இருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மேஸ்திரியைப் பார்த்து, போகவில்லை என்று சொல்லிவிடு. என் பிரதியை நான் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. நீ அனுப்பியதைப் பண்டிகை அன்றைக்கே கிழித்துப் படுக்கையில் வைத்துக் கடைசிப் பக்கம் வரை படித்தேன், படுத்திருந்தும் கால் வலித்தது, படித்தேன். இந்த ஊரில் உறை கிழிந்தது என்னுடையது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஸ்டெயினுன்