கடலை மறைத்த கண்டெய்னர்

ஹோபார்ட்டில் இருக்கும் உனக்கு,

இங்கே வீடுகள் கட்டத் தொடங்கிய காலத்தில் நீ தெருமுனையில் நட்ட யூகலிப்டஸ் மரம் இப்போது பட்டுப்போயிற்று. கடல் தெரிய வேண்டுமென்று பக்கத்து வீட்டு ரஸ்ஸல் அடிமரத்தில் துளைபோட்டு விஷம் ஊற்றினான். நான் நகராட்சியில் சொன்னேன்.

அவர்கள் அங்கே ஒரு கன்றை நட்டு, மரத்தைக் கொன்று யாரும் கடல் பார்க்கக் கூடாதென்று அதற்குப் பின்னால் பெரிய கண்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். கன்று கூரை உயரம் வளர்ந்தால்தான் கண்டெய்னரை எடுப்பார்களாம். இப்போது தெருவில் ஒருவருக்கும் கடல் தெரிவதில்லை.

தெருக்காரர்கள் கூடிய பார்பிக்யூ விருந்தில் என்னைக் கண்டதும் ரஸ்ஸலின் மனைவி, "உளவுத்துறை வந்தாச்சு! சாசேஜை மறைச்சு வைங்கப்பா, அதையும் போய் சொல்லிடுவார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கன்றுக்கு முறைபோட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ரஸ்ஸல் உட்பட. நான் ஊற்றுவதில்லை.

உன் பால்கனி நாற்காலியை அனுப்பச் சொல்லியிருந்தாய். அது கண்டெய்னரைப் பார்த்தபடி அங்கேயே கிடக்கிறது. கன்று கூரை உயரம் வளரட்டும், அனுப்புகிறேன்.

அதே வீட்டிலிருந்து,
நான்